மிளகளவு நீலம்

நீலக்கல்லை டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது. காலை பத்து மணிக்கு மேல், வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். நேற்று நீங்கள் ஸ்டேஷன் டியூப் லைட்டுக்குக் கீழே அந்தக் கல்லை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவும்?" என்று கேட்டீர்கள். கேட்பீர்கள். உங்கள் விரலில் கிடப்பதைப் புஷ்பராகம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்தானே. அது கண்ணாடி, இன்ஸ்பெக்டர் ஐயா. எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் பெயர் இராஜாங்கம். பட்டுக்கோட்டையில் முப்பத்தொரு வருஷமாகக் கல்லுக்குப் பட்டை தீட்டி மோதிரத்தில் பதிக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் கல்லைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, மருந்துக் கடைக்கு வருவது போல வருவார்கள்.

துரைராசு அப்படி வந்தவர்தான். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிவிட்டுத் தொண்ணூற்றேழில் திரும்பியவர். ரைஸ் மில் ஆரம்பிக்கும் முன் நீலம் போடச் சொல்லியிருந்தாராம் ஜோசியர். அதிராம்பட்டினம் அப்துல் ஜலீல் பாய் கொழும்பிலிருந்து வரவழைத்துக் கொடுத்த தீட்டாத கல்லை என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் எனக்கு அன்பளிப்பாக ஒரு கோடாரித் தைலப் பாட்டில். "நல்லா பளபளன்னு பண்ணிக் குடுங்க பத்தரே" என்றார். பளபளப்புக்கு எவர்சில்வர் தட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

சுடாத கல்; நெருப்பில் வைத்து நிறம் ஏற்றாதது. உள்ளே பட்டு நூல் போல மெல்லிய கோடுகள். மண்ணில் விளைந்த கல்லுக்கு அது அடையாளம். ஆனால் உடம்பெல்லாம் வெளிறிக் கிடந்தது. ஒரு முனையில் மட்டும் மிளகளவு நீலம். பதினோரு நாள் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அரக்குக் குச்சியின் நுனியில் கல்லை ஒட்டி, அந்த மிளகு சரியாக அடிமுனையில் வந்து நிற்கும்படி சாணையில் பிடித்தேன். நீலம் அடியில் நின்றால் ஒவ்வொரு பட்டையும் அதை வாங்கி மேலே அனுப்பும். இருபத்தொரு நாள் வேலை. முடித்துவிட்டு மேலிருந்து பார்த்தபோது கல் முழுக்க நீலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி செத்தபோது கலங்கவில்லை.

துரைராசு கல்லைப் படுக்கப் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தார்.

"என்னங்க இது, வெள்ளையா இருக்கு? அடியில ஒரு கறை வேற. கறை இருந்தா தோஷம்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அதை வெட்டி எடுத்துடுங்க."

"அந்தக் கறைதாங்க நீலம். அது போச்சுன்னா கல்லு வெறும் தண்ணி."

"உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. திருச்சியில மிஷின் வச்சிருக்கான், பத்து நிமிஷத்துல எடுத்துடுவான்."

பத்து நிமிஷம். அப்போதுதான் முடிவு செய்தேன். கோபத்தில் இல்லை, சாணையில் கோணம் பார்க்கிற நிதானத்தோடுதான்.

நீலம் போடுகிறவர்களின் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மோதிரத்தில் பதிப்பதற்கு முன் கல்லை நீலத் துணியில் முடிந்து மூன்று நாள் புஜத்தில் கட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் ஏதாவது கெட்டது நடந்தால் கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பித் தந்துவிடுவார்கள். பல் வலி வந்ததற்காகத் திருப்பித் தந்த மகாராஜாக்களும் உண்டு. "வெட்டுறதுக்கு முன்னாடி கட்டிப் பாத்துடுங்க. ஒத்துக்கலைன்னா நானே எடுத்துக்கிறேன்" என்றேன். சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்கே போய் என் கையாலேயே கட்டிவிட்டேன். மூன்று நாளும் முடிச்சில் தண்ணீர் படக் கூடாது என்றும் சொன்னேன். அப்படி ஒரு விதியே கிடையாது. இரண்டு கட்டுப்பாடு சொன்னால்தான் இந்த ஜனங்கள் நம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முடிச்சைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லித் தோப்புக்குப் போனேன். யாரும் பார்க்காத நேரத்தில் மாட்டுத் தொட்டியில் பூச்சிமருந்து கலந்தேன். மாடு மாலைக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் போய் விசாரித்தால், "கிழட்டு மாடுங்க. அதுக்குக் கல்லு என்ன பண்ணும்?" என்கிறார் துரைராசு. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அந்த மனுஷருக்குப் பகுத்தறிவு வந்தது. அது அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

ஆகவே மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மின்சாரம் இல்லாத நேரம். மாலை நான்கு மணிக்குத்தான் வரும். ஒரு வயரின் உறையைச் சீவி, ஸ்விட்ச் பெட்டியின் இரும்புக் கைப்பிடியைத் தொடும்படி வைத்து, நகராமல் இருக்க அரக்கால் ஒட்டினேன். அந்த அரக்கைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவிட்டு வர எனக்குக் கை வராது. மோட்டார் போடுவது எப்போதும் துரைராசுதான். ஒரு உதறல் உதறினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கிளம்பும்போது அவர் மனைவி தங்கமணி சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டுவிட்டார். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "முடிச்சு கட்டுறப்ப கல்லைப் பாத்தேங்க. அடியில இருக்கிற அந்தப் பொட்டுலேர்ந்துதானே கல்லு பூரா நீலம் ஏறுது? அதைப் போயி வெட்டச் சொல்றாரே. நான் சொல்லி நிறுத்திடறேன், நீங்க கவலைப்படாதீங்க."

முப்பத்தொரு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு கை விரல்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். திரும்பிப் போய் வயரைக் கழற்றியிருக்கலாம். யோசிக்கவும் செய்தேன். ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. தவிரவும், பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற முகமா அது? கை கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. முடிச்சு நனைந்துவிடுமே என்று துரைராசு கொட்டகைப் பக்கம் போகவில்லை. தங்கமணி போனார்.

உதறல் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். குழி விழுந்த அந்தச் சிமெண்டுத் தரையில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் நான் சாப்பிடப் போனேன். முடியளவு கோணம் பார்க்கிறவனுக்கு, ஈரத்தில் நின்று அந்தக் கைப்பிடியைப் பிடித்தால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருக்கும்? கொல்லத்தான் வைத்தேன். ஆள் மட்டும்தான் மாறிவிட்டது.

புதன்கிழமை காலை துரைராசு வந்து முடிச்சை என் மேஜையில் போட்டார். "வெட்ட வேண்டாம்னு சொன்னா. சரின்னுட்டேங்க. அந்தச் சந்தோஷத்தோடதான் மோட்டார் போடப் போனா. இந்தச் சனியனை நீங்களே வச்சுக்கங்க" என்று அழுதார். கல் பிழைத்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மோதிரம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கல் தோலைத் தொடும்படி அடி திறந்த மோதிரம்; கல்லை வைத்து விளிம்பை மடக்குவதுதான் பாக்கி. அது என் விரல் அளவு என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள். கல் சாணையில் இருந்தபோதே செய்துவைத்தது அது.

எனக்கு இந்த மூட நம்பிக்கையெல்லாம் துளியும் கிடையாது. இருந்தாலும் பதிப்பதற்கு முன் மூன்று நாள் புஜத்தில் கட்டிப் பார்த்தேன். முடிச்சில் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். ஒரு கெடுதலும் வரவில்லை. கல் எனக்கு ஒத்துக்கொண்டது. நீங்கள் வந்து கதவைத் தட்டியது நான்காம் நாள் காலையில், அது சேர்த்தியில்லை.