கழுத்து ஒடிந்த வாத்து

– இது வாத்தா, மிக்ஸி ஜாரா?

– லியோ, வாயை மூடு. கையில உளி இருக்கு.

– ஏம்மே, கட்டின புருசனையே மிரட்டறியா? நெசமாத்தான் கேக்கறேன். ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்குது.

– இருக்கணும். காலிப்பர் வெச்சு அளந்து செதுக்கினேன்.

– கம்பெனில குவாலிட்டி பாக்கற புத்தி! ஜெசி, ஆண்டவரு வாத்தைச் செய்யறப்போ கையில காலிப்பர் இருந்திருக்காது.

– இருந்திருந்தா உன் காது ரெண்டும் ஒரே சைஸ்ல இருந்திருக்கும்.

– என் காதை விடு. ஒரு ரெக்கையை மட்டும் லேசாத் தூக்கினாப்பல சீவு. உசுரு வரும்.

– ம்... நீ சொல்றதும் சரிதான். சீவறேன்.

– ஒரு கட்டையைப் பாத்து நெச வாத்து எறங்குமாம்மே?

– தெனம் ஏரி மேல வட்டமடிச்சிட்டு, எறங்கப் பயந்து போயிடுதுங்க. கீழ ஒண்ணு நிம்மதியா மெதந்தா, தைரியமா எறங்கும். கூட்டம் இருக்கற டீக்கடையாப் பாத்துத்தானே நீயும் வண்டியை நிறுத்தற?

– எறங்கலைன்னா?

– நாளைக்கு ஃபாரஸ்ட் ஆபீஸ்லேர்ந்து குருமூர்த்தி சார் பறவை எண்ண வராரு. ஏரியில பறவையே இல்லைன்னு எழுதிட்டா, மண்ணைக் கொட்டி லாரி ஸ்டாண்டு ஆக்கிடுவாங்க. எங்கம்மா அந்தத் தண்ணியில கொத்தமல்லி போட்டு வித்துத்தான் நான் பி.இ. முடிச்சேன். எங்க வம்சத்துலயே மொத டிகிரி. எவனோ லாரி நிறுத்த அதை விட்டுக் கொடுப்பனா?

– கோவத்துல உளியை அழுத்தாத... ஐயோ, என்ன சத்தம்?

– கழுத்து. ஒடிஞ்சிடுச்சு.

– மிஷின் வந்த பொட்டியைப் பிரிச்சுக் கொண்டாந்தப்பவே பாத்தேன். கட்டை மேலயே கண்ணாடி டம்ளர் படம் போட்டு, ஒடையும்னு இருந்துச்சு.

– எரிச்சலைக் கெளப்பாத. அது மிஷினுக்குப் போட்டது.

– வேற கட்டையும் இல்ல. ஃபெவிகால் போட்டு ஒட்டிடு.

– இவ்ளோ மெல்லிசு, நிக்காது. மறுபடி ஒடியும். இரு இரு... தலையைத் திருப்பி முதுகு மேல படுக்க வெச்சு ஒட்டினா? மூக்கு ரெக்கைக்குள்ள போயிடும். தூங்கறாப்பல இருக்கும்.

– தூங்கற வாத்தை எவன் மதிப்பான்?

– பயம் இருந்தா தூங்குமா? தூங்குதுன்னா அங்க ஆபத்து இல்லைன்னுதானே அர்த்தம்.

– அப்போ மூக்குக்கு அடிக்க மஞ்சப் பெயிண்ட் வாங்கியாந்தேனே!

– உன் ஹெல்மெட்டுக்கு அடிச்சுக்க. இந்தா, காஞ்சிடுச்சு. டிரம்முத் தண்ணியில விடு.

– விட்டுட்டேன்... அடக் கருமமே, மல்லாந்துட்டுது! தண்ணி போட்டுட்டுத் தூங்குதா?

– அடிவயித்துல கனம் பத்தல. உன் வண்டி நட்டு நாலு கழட்டிக் கொடு.

– அப்புறம் ஷிப்டுக்கு நான் எப்படிப் போறது?

– நடந்து.

* * *

– வாங்க, குருமூர்த்தி சார். விடிஞ்சும் பனி கலையல பாருங்க. எங்க கண்ணுக்கு ஏரியே தெரியல.

– பைனாகுலர்ல கொஞ்சம் தெரியுதும்மா. இருங்க, எண்ணிடறேன்.

– சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கோரைப்புல் ஓரமா தூங்கறாப்பல இருக்குமே, அது கட்டை. நான் செதுக்கி விட்டது. கணக்குல சேத்துடாதீங்க.

– ஏம்மே! அவரு பாட்டுக்கு எண்ணிக்கினு போயிருப்பாரு!

– நீ சும்மா இரு லியோ. பொய்க் கணக்குல காப்பாத்தினா அது நிலைக்காது.

– ஹௌதா! அப்படியா! நல்ல வேளை சொன்னீங்க, நான் ஏமாந்திருப்பேன். ஆமாம்மா, தெரியுது. துளி அசைவு இல்ல. தலையை முதுகுல பொதைச்சிக்கிட்டு... என்ன கைவேலை!

– ரெக்கை தூக்கினாப்பல இருக்கா சார்? அது என் ஐடியா.

– ஒண்ணுல அப்படித்தான் இருக்குப்பா. ஆனா கட்டையை எண்ண ரூல்ஸ் இல்ல. நிஜப் பறவை கண்ணுல படல. மூணையும் தள்ளிட்டு, பூஜ்யம்னு போட்டுடறேன்.

– சார், பேனாவைக் கீழ வைங்க. நான் செதுக்கினது ஒண்ணுதான்.