கயிற்றின் வால் முனை

சின்னவன் பேசுகிறேன். வயது இருபத்து மூன்று. இருப்பது சலவைக் கடைக்கு மேலே, நாலு பேர் அறையில், கதவோரக் கட்டில். குளிரில் விரல் மடங்கவில்லை, அதனால் போனில் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். தனியாக வேண்டாம்.

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. நாலு பேரும் ஒரே கட்டிலில் ஒண்டிக்கொண்டு கிடந்தோம். ரொட்டிக் கடை நெட்டையன்தான் ஆரம்பித்தான். அவன் அக்கா புருஷனுக்கு நடந்தது...

பொழுது சாய்ந்து, தெரு விளக்கு இன்னும் எரியாத நேரம். பழைய நகரத்து மதிலை ஒட்டி ஒரு தெரு. கடையெல்லாம் சாத்தியாகிவிட்டது. நாய்கூட அந்தப் பக்கம் தலை காட்டாது. தெரு முடிகிற இடத்தில் இரும்புக் கதவு. உள்ளே படி. படிக்குக் கீழே... சுரங்கம்.

நெட்டையனின் அத்தானுக்கு அங்கே வேலை. விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நடப்பு மட்டும் ஏதோ சுரங்கத்தையே அவர் தாத்தா வெட்டிக் கொடுத்த மாதிரி. காலையில் வந்த கூட்டத்துக்கு அது ராஜா தப்பித்த வழி. மத்தியானக் கூட்டத்துக்குப் புதையல் கொண்டுபோன வழி. "எதச் சொன்னாலும் வாயப் பொளந்துட்டுக் கேக்கும், ஆட்டு மந்தை" என்பார்.

உள்ளே ஒரு முறை உண்டு. நீளமான கயிறு. ஒரு முனை முன்னால் போகிறவர் இடுப்பில். மறு முனை கடைசி ஆள் இடுப்பில். அவருக்குப் பெயரே வால்காரர். நடுவில் எல்லோரும் கயிற்றைப் பிடித்து நடப்பார்கள். முன்னாலிருந்து இரண்டு தடவை இழுத்தால், 'சரியா' என்று கேள்வி. பின்னாலிருந்து இரண்டு தடவை இழுத்தால், 'சரி' என்று பதில். மூன்று தடவை இழுத்தால்... நில்லு, ஆபத்து.

அன்றைக்கு வால்காரர் டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தார். "வால் பிடிக்கிறவனுக்கு டீ ஒரு கேடா?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டார் அத்தான். அந்த மனிதர் கயிற்றை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து நெட்டையனின் அக்கா வந்தாள், சாப்பாட்டு டப்பாவோடு. அவள் இந்த ஊருக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"இந்தா, நீ வால்ல நில்லு."

"எனக்கு இருட்டுன்னா ஆகாதுங்க. உங்களுக்கே தெரியும்."

"மகாராணிக்கு ஆகாதாக்கும். இழுத்தா நட, நின்னா நில்லு. மாடே செய்யுது, உனக்கென்ன?"

தன் கையாலேயே அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டார். இறங்கினார்கள்.

பாதி வழியில் சுரங்கம் திரும்புகிற இடம். முழங்கை என்பார்கள். அங்கே விளக்கை அணைத்து, அசல் இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டுவது வழக்கம். அணைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை... அதற்கு அடியில், இப்போதுதான் ஊதி அணைத்த திரியின் வாசனை. அத்தான் கையில் இருந்ததோ பேட்டரி விளக்கு.

இடுப்பில் கயிறு இழுபட்டது. மூன்று தடவை.

அத்தான் அசையவில்லை.

மறுபடியும் மூன்று. அவசரமாக.

"பின்னால ஒரு வீராங்கனை வருது. கண்டுக்காதீங்க" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்து ஓய்ந்தது. பின்னால் ஒரு சிரிப்பு மட்டும்... கொஞ்சம் தாமதமாக ஓய்ந்தது.

அப்புறம் கயிறு மெதுவாக இழுபட்டது. இரண்டு தடவை. சரி.

"பாத்தீங்களா? பழகிடுச்சு."

விளக்கைப் போட்டு நடந்தார். வழி நெடுக இரண்டு இரண்டாக இழுப்பு வந்துகொண்டே இருந்தது. கேட்டால்தான் பதில் வர வேண்டும். அவர் கேட்கவே இல்லை.

மறுபக்கப் படியில் ஒவ்வொருவராக ஏறி வெளியே வந்தார்கள். கடைசியாகக் கயிற்றின் வால் முனை வந்தது. அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. இடுப்பளவு வளையம். உள்ளே ஆள் இல்லை.

"எங்கடி போய்த் தொலஞ்ச?" என்று படியைப் பார்த்துக் கத்தினார். அந்த வாய்க்கு வேறென்ன வரும்? அப்புறம்தான் உறைத்தது. விளக்கோடு தனியாக உள்ளே ஓடினார்.

முழங்கையில், சுவர் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு.

"விளக்க அணைங்க. கண்ணு கூசுது."

"கயித்த எப்படி அவுத்த?"

"நீங்கதானே அவுத்தீங்க? இவ்வளவு நேரமும் கையப் பிடிச்சிட்டு, பயப்படாதம்மா, நான் இருக்கேன்னு..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஓ... நீங்களா."

வீடு மாறி, வேறு வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து நீட்டுகிறவனிடம் சொல்வது போல.

அத்தான் வேலையை விட்டுவிட்டார். இப்போது காய்கறிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. பொழுது சாய்ந்தால் அக்கா தலை வாரிக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறாளாம். "உள்ள வாம்மா... பயப்படாதம்மா" என்று அத்தான் குழைகிறார். அவள் மூக்கால் சிரிக்கிறாள்.

"உங்களுக்கு அது வரல. விடுங்க."

போன வாரம் நெட்டையன் அங்கே தங்கினான். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தானாம். அக்கா நல்ல தூக்கம். ஒரு கை கட்டிலுக்கு வெளியே, காற்றில் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றிக்கொண்ட மாதிரி மடங்கியிருந்தன. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கிட்டே போனான். திரி அணைந்த வாசனை... அந்தக் கை தானாகக் கதவுப் பக்கம் இழுபட்டது.

இரண்டு தடவை.

சுரங்கத்தில் வால்காரர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகட்டுமா, வேண்டாமா... யாராவது ஒருவர் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள்.