மட்டையில் விடாத பிழை

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் காலை லோஞ்ச் படகில், எனக்கு எதிரே இருந்த பெண் பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் சொன்னாள்: "நேற்று மட்டையிலை ஒரு பிழையும் விடேல்லை."

அதைக் கேட்ட பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை.

தட்டெழுத்து வகுப்பில் மெசின் போதாதாம். வீட்டில் பழகுவதற்கு, மெசினில் எழுத்துகள் இருக்கிற இடப்படியே ஒரு காகித மட்டையில் கீறி வைத்திருக்கிறாள். இன்று யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துச் சோதனை.

"மட்டையிலை பிழை விட்டால் ஆருக்கடி தெரியும்?"

"எனக்குத் தெரியும். கையாலை எழுதேக்கை எழுத்துக்குப் பிறகுதான் புள்ளி வைப்பம். மெசினிலை புள்ளியை முதல் அடிக்கவேணும். மாறி அடிச்சால் புள்ளி அடுத்த எழுத்திலை போய் விழும். அந்தக் கைப்பழக்கத்தை மாத்தத்தான் இவ்வளவு நாளும் மட்டையோடை இருந்தனான்."

"மற்றப் பிள்ளையள் மெசினிலையே பழகிப்போட்டு வருவினம்."

"வரட்டும்."

"பயமில்லையோ?"

"இருக்குது. அதுக்காகப் போகாமல் விட ஏலுமோ?"

மடியிலிருந்த துணிப்பையின் மேல் விரல்களை வைத்து அடிக்கத் தொடங்கினாள். இறங்குதுறைக்குக் கிட்ட லோஞ்ச் ஒருமுறை ஆடியது.

"பிழைச்சுப்போச்சு" என்றாள்.

வெறும் துணிப்பைதான். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.