பன்றிகளுக்குத் தேர்தல் காலம்

கிழக்கேகோட்டையிலிருந்து மலையடிவாரத்து வித்துரா போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"தேர்தல் வந்தாலே பன்னிக்குக் கொண்டாட்டந்தான், கேட்டியா?" என்று மூத்தவர் சிரித்தார்.

"அதென்னக்கா?"

"எங்கப்பாவோட பழைய ஸ்வீடன் பட்டாளத் துப்பாக்கிக்கு இப்போ எம்பேர்லல்லா லைசன்ஸ். என்னைவிட மூத்தது, ஆனா குறி தப்பாது. காட்டுப்பன்னி எறங்குனா, சுடதுக்குப் பஞ்சாயத்து என்னைத்தான் விளிக்கும். தேர்தல்னா, முடியுறவரைக்கும் அதை போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும்."

"அப்போ தோட்டத்து மரச்சீனிக் கிழங்கு?"

"பாதி போச்சு. நேத்து வோட்டு கேட்டு வந்த வேட்பாளர், ஜெயிச்சா பன்னித் தொல்லையை ஒழிப்பேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் சரி, தேர்தல் முடிஞ்சா போதும். பன்னியை நான் பாத்துக்கிடுதேன்னேன்."