சிவப்பைப் பச்சையாக்கச் சொன்னவர்

ஹலோ... ஆமா சார், நான்தான்... ஆமா ஆமா, உங்க மெயில் பார்த்துட்டேன்... ஏழாவது தடவையா மாத்தச் சொல்லியிருக்கீங்க, அதையும் பார்த்துட்டேன்...

முதல் ஸ்லைடுல எழுத்து இன்னும் பெருசாவா... இதுக்கு மேல பெருசாக்கினா சுவத்துலதான் எழுதணும்... சரி... லோகோவை அகலமா இழுத்தா வட்டம் முட்டையாயிடும் சார்... முட்டையா இருந்தா பரவால்லயா. சரி. பதினாறு வருஷமா இந்த டிசைன் வேலை பார்க்குறேன், முட்டை லோகோ போட்டதில்ல. போட்டுடுவோம்...

ம்... அட்டைப் படத்துல பேக்கிங் பிரிவு ஆளுங்க மூணு பேரும் சிரிக்கணும்... பல்லு தெரியணும். ம்...

கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... நாலாவது ஸ்லைடு வரைபடத்துல 'செலவு மிச்சம்'னு போட்ட அந்த சிவப்புப் பட்டை, ஆமா... கண்ணை உறுத்துது, பச்சையாக்கணும்... அதைத்தான் சார் பண்ணப் போனேன்... இருங்க, நான் சொல்லி முடிச்சுடுறேன்.

அந்த வரைபடம் நான் போட்டது இல்ல. நேத்து நான் கிளம்பினப்புறம் நீங்களே ஒட்டியிருக்கீங்க... நல்லாத்தான் இருக்கு. ஆனா படமா ஒட்டல. கலரை மாத்தலாம்னு அதுமேல ரெண்டு கிளிக் பண்ணேன், பின்னாடி இருந்த எக்செல் ஷீட் முழுசா திறந்துக்கிச்சு...

எந்த ஷீட்டா... 'அடுத்த மாதம் வேலையிலிருந்து நிறுத்தப்படுவோர்'னு மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கே, அந்த ஷீட். பதினோரு பேர். ஏழாவது பேரு என்னோடது...

கட் பண்ணிடாதீங்க சார்...

முடிவாகலையா... பேருக்கு நேரா தேதி போட்டிருக்கே... ம்... என் மேல ரொம்ப மரியாதை. ஆமா ஆமா. போன வாரம் என் சீட்டுக்கே வந்து, வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிஞ்சு எப்படி இருக்கு, பார்த்துக்கோம்மா, லீவு வேணும்னா எடுத்துக்கோன்னு விசாரிச்சீங்க. அந்த ஷீட்டை அன்னிக்குக் காலையிலதான் பண்ணியிருக்கீங்க. அதுலயும் தேதி இருக்கு...

சார், வேலை போறது ஒரு பக்கம். அவர் எழுந்து நடக்க இன்னும் மூணு மாசம் ஆகும், நான் என்ன பண்ணப் போறேன்னு தெரியல. ஆனா என்னை வெளிய அனுப்புற விஷயத்துக்கு என் கையாலயே பச்சைக் கலர் அடிக்க வச்சு, மதியம் முதலாளி முன்னாடி காட்டுவீங்க. சிரிக்கச் சொன்னீங்களே அந்த மூணு பேர், மூணு பேரும் லிஸ்ட்ல இருக்காங்க. பல்லு வேற தெரியணுமாம். ச்சீ...

இல்ல சார், உங்களைச் சொல்லல... இல்ல, உங்களைத்தான் சொன்னேன்.

படமா மாத்திடவா... மாத்தலாம், அரை நிமிஷ வேலை. ஆனா காலையில இந்த ஃபைலையே ஆபீஸ் முழுக்க மெயில் போட்டீங்களே, 'அனைவரும் பார்த்து மகிழவும்'னு...

திரும்ப எடுக்க முடியாது... ஆமா, யாரும் உள்ள போய்ப் பார்த்திருக்க மாட்டாங்க. மேலாப்பல பார்த்துட்டு மூடியிருப்பாங்க, கரெக்ட்... அதனாலதான் லிஸ்ட்ல இருக்கிறவங்களை ஒவ்வொருத்தரா என் சீட்டுக்குக் கூப்பிட்டு, எங்க கிளிக் பண்ணணும்னு காட்டினேன்...

கத்தாதீங்க... சார், கத்தாதீங்க...

உங்க ரூம் கதவுல ஏதோ சத்தம் கேக்குது பாருங்க. திறங்க. பத்து பேர் நிப்பாங்க. நான் ஃபோனை வச்சுட்டு வந்துடுறேன்.