மாத்தாத கண்டென்சர்

எனக்குப் பிளேன்டீயில சீனி ஒரு மணி கூடினாலும் விளங்கிவிடும். காதும் அப்பிடித்தான். எழுதிக்கொள்ளுங்கோ, கண்டியில நவரட்ணராஜாவின்ர காதைத் தெரியாத ஆக்கள் குறைவு.

சீடி பிளேயரைப் பற்றிச் சனம் பிழையாய்க் கதைக்குது. தட்டில இருக்கிறது வெறும் எண்கள். எந்த மெசினும் அதை ஒரே மாதிரித்தான் வாசிக்கும். எண்கள் சத்தமாய் மாறி வெளியில வாற கடைசிச் சுற்று இருக்குதே, அங்கதான் நல்ல மெசினும் கூடாத மெசினும் பிரியிறது. நான் வேலை செய்யிற கந்தோரில பத்து வருஷமாய் இதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன்.

என்ர முன்னறையில வாடகைக்கு இருந்தவன் விவேகானந்தன், யாழ்ப்பாணப் பொடியன், ரேடியோ திருத்திறவன். அந்தச் சுற்றில இருக்கிற நாலு கண்டென்சரையும் மாத்தச் சொன்னன். ஞாயிற்றுக்கிழமை, கெலிஓயாவில துணிக்கடை வைச்சிருக்கிற ஹாஷிமைக் கூப்பிட்டுப் பாட்டுப் போட்டன். மிருதங்கத்தின்ர இடப்பக்கம் இப்பதான் மூச்சு விடுது எண்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன்.

விவேகானந்தன் வாசலில நிண்டு சிரிச்சான். "ஐயா, நான் இன்னும் மாத்தேல்லை. சாமான் என்ர மேசையிலதான் கிடக்குது."

ஹாஷிமுக்குத் தேத்தண்ணி மூக்கால வந்தது. "அல்லாவே, இவ்வளவு நேரமும் எனக்குக் காதில பூ சுத்தினீங்களா?"

ஹாஷிம் ஊரெல்லாம் சொல்லி, அடுத்த நாள் கந்தோர் முழுக்கச் சிரிப்பு. மானம் கப்பலேறிப் போச்சு. நான் கோவப்படேல்லை, எனக்குக் கோவம் வாறதில்லை.

அது கண்டித் தலதா மாளிகையில, புத்தரின்ர பல் இருக்கிற கோயிலில, புலிகள் குண்டு வைச்ச பிறகு தமிழ் ஆக்களை வீடு வீடாய்ச் சோதிச்ச காலம். புதன்கிழமை எங்கட வீட்டுக்கும் பொலிஸ் வந்தது. விவேகானந்தன்ர மேசையில கண்டென்சர், வயர், ஈயம் உருக்கிற கோல். இது என்ன எண்டு என்னைத்தான் கேட்டார் இன்ஸ்பெக்டர். ஆள் நல்லவன், இது சீடி பிளேயர்ச் சாமான் எண்டு வீட்டுக்காரன் பொறுப்புச் சொன்னால் விட்டிட்டுப் போறது வழக்கம். விவேகானந்தன் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டான். எனக்கு இதொண்டும் விளங்காது மாத்தயா எண்டு நல்ல சிங்களத்தில சொன்னன். அதைப் பொய் எண்டும் சொல்லேலாது. மூண்டு நாளைக்கு முதல் அவனே நிரூபிச்சதுதானே.

பொலிஸ் அவனை ஜீப்பில ஏத்திக்கொண்டு போனது. ரெண்டு வருஷமாச்சு, எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

போன மாதம் அவன்ர தாய் மங்களேஸ்வரி வந்தவ. கதிரையில இருத்தினன். "ஐயா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" எண்டா. பாவம், தூரப் பயணம். வேற ஆளைக் கொண்டு கண்டென்சர் மாத்தின மெசினில ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினன். குலுங்கிக் குலுங்கி அழுதா. பாருங்கோ, அவவுக்கே வித்தியாசம் விளங்கினது.