டிஸ்க்கைச் செருகவும்

டிஸ்க் எழுதும் மென்பொருள் டிஸ்க்கை அடையாளம் காணவில்லை என்றால், எடுத்த எடுப்பில் டிஸ்க்கின்மேல் பழி போடக் கூடாது. டிரைவின் லென்ஸைத் துடைக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். இவற்றையெல்லாம் அக்காவின் கண்முன்னே ஒன்றுவிடாமல் செய்தேன். அதைத் தாங்கள் குறித்துக்கொள்வது நியாயம்.

கிடங்கின் கேமரா அறை என் பொறுப்பில் இருந்தது. அங்குள்ள பதிவுப் பெட்டி பதினைந்து நாள் காட்சிகளையே வைத்திருக்கும். பதினாறாம் நாள் வந்ததும் முதல் நாளின்மேல் எழுதிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை, உணவு இடைவேளையில், மேற்பார்வையாளர் இரும்புப் படியிலிருந்து விழுந்து இறந்தார். காலையில் அவரோடு வாய்த்தகராறு செய்திருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அவரைத் தள்ளிவிட்டதாகக் கைதானார். அந்த ஓட்டுநர் என் அக்காவின் கணவர். அந்நேரம் வெளியே தனியாக நின்று புகைத்துக்கொண்டிருந்ததாக அத்தான் சொன்னார். உண்மைதான், ஆனால் பார்த்தவர் எவருமில்லை.

படியை நோக்கியிருந்த கேமராவின் காட்சியை, மாற்றி எழுத முடியாத டிஸ்க்கில் கொடுத்தால் பார்ப்பதாக விசாரணை அதிகாரி அக்காவிடம் சொன்னார். அவள் தினமும் டிஸ்க் வாங்கி வந்தாள். டிரைவ் இரண்டு சுற்றுச் சுற்றும், சற்று யோசிக்கும், நின்றுவிடும். 'டிஸ்க்கைச் செருகவும்' என்று திரை சொல்லும்.

"உன் பெட்டி என்னடா, பத்தியத்துல இருக்கா? எதப் போட்டாலும் வேணாங்குது," என்றாள் மூன்றாம் நாள்.

"டிஸ்க் மட்டமா இருக்கும்க்கா. வேற கம்பெனி வாங்கிட்டு வா."

"கடைக்காரரு நான் போட்டிக்குக் கடை போடப்போறேன்னு நெனச்சுட்டாரு." சிரிக்க முயன்றாள். "நான் ஒரு தடவ திரையிலயாவது பாத்துக்கட்டுமாடா?"

"நீ பாத்தா சாட்சியக் கலைச்சதா ஆயிடும்."

"சரி. உனக்குத் தெரியாததா."

அவள் அறியாதது ஒன்றே. எழுதும் டிரைவை முதல் நாளே கழற்றிவிட்டு, படிக்க மட்டுமே கூடிய பழைய டிரைவை மாட்டியிருந்தேன். இரண்டுக்கும் முகப்பு ஒன்றுபோலவே இருக்கும். வெற்று டிஸ்க் அதன் கண்ணில் டிஸ்க்கே அன்று. ஆகவே திரை சொன்னதில் பொய் ஏதுமில்லை.

பதினாறாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை அழிந்தது. அக்கா என் தோளைத் தட்டி, "நீ என்னடா செய்வ. உன்னால ஆனதச் செஞ்ச," என்றாள். அத்தானுக்குப் பத்தாண்டுத் தண்டனை கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் சிறையிலேயே இறந்தார். அன்றிலிருந்து, கணினியே இல்லாத என் வீட்டில் டிரைவின் தட்டு திறந்து மூடும் ஓசை கேட்கிறது. சாப்பிடும்போது கேட்கிறது. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறது, அவளுக்குக் கேட்பதில்லை.

அத்தான்மேல் எனக்குப் பகை இருந்ததில்லை. மேற்பார்வையாளர் தாமாகவே வழுக்கினார் என்று அந்தக் காட்சி காட்டியிருக்கும். அதற்குப் பின் வரும் முப்பத்தெட்டு நிமிடங்களையும் காட்டியிருக்கும். அவர் உடனே இறக்கவில்லை. கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டே இருந்தார். அதன் மறுமுனையில் யார் உட்கார்ந்திருப்பது என்று அவருக்குத் தெரியும். நான் இருக்கையில் இருந்ததற்குப் பதிவேட்டில் என் கையெழுத்தும் இருந்தது.

என் அறையிலிருந்து அந்தப் படி நாற்பது அடி தூரம். முதல் நிமிடத்தில், தாமே எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். ஐந்தாம் நிமிடத்தில், ஏன் உடனே வரவில்லை என்று கேட்பாரே என்று நினைத்தேன். பத்தாம் நிமிடத்துக்குப் பின், அவர் கேட்கும் நிலையில் இல்லாமற்போவதே இருவருக்கும் நல்லது என்று பட்டது.

நான் அவரைத் தொடவில்லை. தனியே சாக விட்டேன் என்றும் சொல்ல முடியாது. கை தாழும்வரை, கண்ணை எடுக்காமல், அவரோடுதான் இருந்தேன்.